முந்திக்கொண்ட விசில்

எங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கிற அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்று ஊரே கைகொட்டிச் சிரித்த கதை இது. நான் அந்தக் கடையின் கவுண்டரில் உட்காருகிறவள். வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவதும், "உங்க முகத்துக்கு இதுதாங்க எடுப்பா இருக்கு" என்று எல்லாரிடமும் வாய் கூசாமல் சொல்வதும் என் வேலை. பின்னால் இருக்கிற சின்ன அறையில் லென்ஸைத் தேய்த்து, அளவுக்கு வெட்டி, ஃபிரேமில் பொருத்துவது அண்ணன் வேலை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் "விசில்" என்று கேட்டால்தான் கடைக்கு வழி காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் கால்பந்து லீக்கில் அவர்தான் நடுவர். நான் விசில் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் மனைவியை அண்ணி என்பேன்.

லீக்கின் செயலாளர் அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். அவருடைய வீட்டு மாடியில்தான் விசில் அண்ணன் குடும்பம் குடியிருந்தது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் கீழ் வீட்டுச் சமையலறையில் இருந்தது. இதைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டு அரசியல் முழுக்கச் சொன்ன மாதிரி. கீழே யாருக்காவது மனஸ்தாபம் என்றால் மேலே குழாயில் காற்றுதான் வரும்.

அதனால் மச்சான் எது சொன்னாலும் விசில் அண்ணன் "ம்" என்பார். கதவுக்குப் பச்சை வர்ணம் அடிக்கலாமா என்றால் ம். பச்சை வேண்டாம், நீலம் என்றால் அதற்கும் ம். "எங்க அண்ணன் சூரியன் மேற்குல உதிக்குதுன்னு சொன்னாக்கூட இவரு ம்ம்பாரு. கூடவே ஜன்னலையும் அந்தப் பக்கம் திறந்து வைப்பாரு" என்று அண்ணியே என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

ஆனால் மைதானத்தில் அவரைப் பார்க்க வேண்டும். கூன் நிமிர்ந்துவிடும். ஆறடி ஆள் வந்து முறைத்தாலும் அசையமாட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, "நடுவர் சொன்னா சொன்னதுதாம்மா. அதுக்கு மேல அப்பீல் கிடையாது" என்பார். வாரம் பூராவும் தலையாட்டுகிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாட்களை அவர் தள்ளினார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. விசிலை வாயில் கவ்விக்கொண்டு ஓடமாட்டார். கையிலேயே வைத்திருப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கையிலேருந்து வாய்க்குப் போறதுக்குள்ள ஒரு மூச்சு நேரம் கிடைக்கும்மா. ஊதணுமா வேண்டாமான்னு கண்ணு இன்னொரு தடவை பார்த்துக்கும்."

விசில் ஊதிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுபோகும். அதன்பிறகு பந்து எங்கே போய் விழுந்தாலும் செல்லாது. ஆகவே ஒருவனை எதிராளி பிடித்து இழுத்தும் அவன் விழாமல் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தால், ஊதாமல் விட்டுவிடுவதுதான் அவனுக்கு நல்லது. எனக்குக் கால்பந்து தெரிந்தது இவ்வளவுதான். இந்தக் கதைக்கு இது போதும்.

அன்றைக்கு மார்க்கெட் அணிக்கும் டிப்போ அணிக்கும் ஆட்டம். ஜெயித்தால்தான் மார்க்கெட் அணி இறுதிப்போட்டிக்குப் போக முடியும். சமன் ஆனால் டிப்போ போய்விடும். அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். முதல் பாதியிலேயே இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நெஞ்சோடு நெஞ்சு மோதின. இடைவேளையில் செயலாளர் விறுவிறுவென்று வந்தார். நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம்.

"மாப்பிள்ளை, ரொட்டியைப் பார்க்கறதுக்குப் பெரிய கிளப்புலேருந்து கோச் வந்திருக்காரு. இன்னைக்கு அடிதடி ஆச்சுன்னா லீக் மானம் கப்பலேறிடும். விசிலை வாயிலேயே வச்சுக்குங்க. எவன் எவனைத் தொட்டாலும் உடனே ஊதுங்க."

"ம்" என்றார் விசில் அண்ணன்.

ரொட்டி என்பவன் மார்க்கெட் அணியின் ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரன். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன், அதனால் அந்தப் பெயர். கல்யாணம் ஆனவன். பெரிய கிளப்பில் சேர்வதற்கு வயது வரம்பு உண்டு. அவனுக்கு அந்த வருஷத்தை விட்டால் அப்புறம் கிடையாது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். யாரும் இன்னும் கோல் போடவில்லை. ரொட்டி பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்தான். டிப்போ ஆள் ஒருவன் பின்னாலிருந்து அவன் பனியனைப் பிடித்து இழுத்தான். நடுவில் ஆட்கள் மறைத்ததால் அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை, விசில் அண்ணன் கண்ணில் மட்டும் பட்டது. ரொட்டி தடுமாறினான், ஆனால் விழவில்லை. விசில் கேட்டது. அவன் உதைத்தான். பந்து வலைக்குள் போய்ச் சுழன்றது.

மார்க்கெட் ஆட்கள் குதித்தார்கள். அப்புறம்தான் விசில் முந்திக்கொண்டது அவர்களுக்கு உறைத்தது. கோல் செல்லாது. யாருக்குச் சாதகமாக ஊதினோம் என்று காட்ட விசில் அண்ணன் கையைத் தூக்குவதற்குள் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. ஆட்டம் அத்தோடு சமன் என்று முடிந்துபோனது. அந்த அமளிக்குள் ரொட்டி மட்டும் கத்தாமல் அண்ணன் அருகில் வந்தானாம்.

"அண்ணே, எனக்காகத்தானே ஊதினீங்க?"

"ஆமாம்ப்பா."

"எனக்காக ஊதி என்னையே கெடுத்துட்டீங்களேண்ணே."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது செயலாளரின் காரில் அண்ணன் முன் சீட்டில் இருந்தார். நானும் அண்ணியும் பின் சீட்டில். மைதான வாசலில் நின்ற ஆட்கள் காரைத் தட்டினார்கள். செயலாளர் கியரை மாற்றிக்கொண்டே கேட்டார். "ஒன்பதாம் நம்பர் தள்ளிவிட்டான்னுதானே ஊதினீங்க, மாப்பிள்ளை?"

"ம்" என்றார் விசில் அண்ணன்.

கேட்டது மச்சானா, லீக் செயலாளரா என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. மனுஷன் பாதி உயிரோடு உட்கார்ந்திருந்தார். கதவு வர்ணத்துக்கு வருகிற அதே ம்தான் அன்றைக்கும் வந்தது.

மறுநாள் காலை மைதானத்தின் இரும்புக் கதவில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது, எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. நடுவர் தீர்ப்பு சரியானது, மார்க்கெட் அணியின் ஒன்பதாம் நம்பர் எதிராளியைத் தள்ளியதற்காகவே விசில் ஊதப்பட்டது, அவர் பிறகு நடுவரிடம் வாக்குவாதமும் செய்ததால் சீசன் முடியும்வரை ஆடத் தடை. அண்ணன் அதை என் போனில்தான் படித்தார். படித்துவிட்டு லென்ஸ் தேய்க்கும் மெஷினைப் போட்டார். வெறும் மெஷின் வெகுநேரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் கடையில் வியாபாரத்தை விட வேடிக்கைதான் அதிகம். ஒருவர் வந்து சோதனைப் பலகையில் இருக்கிற பெரிய எழுத்தைக் காட்டி, "விசிலுக்கு இது தெரியுதான்னு கேளும்மா" என்றார். இன்னொருவர் தன் பழைய கண்ணாடியைக் கவுண்டரில் வைத்து, "ஞாயித்துக்கிழமை போட்டுக்கச் சொல்லு" என்று போய்விட்டார். நான் அதை எடுத்து அவர் பின்னாலேயே வீசினேன். எங்கள் முதலாளிக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது. நாலு நாள் கழித்து, "கண்ணாடிக் கடையில கண்ணு தெரியாதவருன்னு பேராயிடுச்சேம்மா" என்று நகத்தைக் கடித்தார்.

கண் தெரியாதவர் என்கிற பேச்சுக்கெல்லாம் விசில் அண்ணன் அசையவில்லை. வியாழக்கிழமை ரொட்டி கடைக்கு வந்தபோதுதான் ஆடிப்போனார். முழங்கைவரை மாவு ஒட்டியிருந்தது, வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான்.

"அண்ணே, நான் யாரையாவது தள்ளினேனா?"

"இல்லப்பா."

"அப்புறம் ஏண்ணே அப்படிப் போட்டாங்க? தடை இருக்கற ஆளைச் சேர்க்க மாட்டோம்னு கோச் சொல்லிட்டாரு. எங்க டீம் பசங்களே என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. நான்தான் முரட்டுத்தனம் பண்ணி கோலைக் கெடுத்துட்டேனாம். நாளைக்குச் சாயங்காலம் விசாரணை. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவன் போனபிறகு அண்ணன் என்னிடம் காரில் நடந்ததைச் சொன்னார். நானும் அதே காரில்தான் இருந்தேன். அந்த ம் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

அன்று மாலையே அவர் மச்சானிடம் போய்ப் பேசினார். இதை எனக்கு அண்ணி சொன்னாள். தைரியமெல்லாம் திரட்டிக்கொண்டுதான் கீழே இறங்கியிருக்கிறார்.

"மச்சான், தப்பு என்னோடது. நான் அவசரப்பட்டு ஊதிட்டேன். லீக்கே அதைச் சொல்லிடட்டும். கேவலம் ஒண்ணுமில்ல."

செயலாளர் கத்தவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் கைபோட்டுச் சொன்னாராம். "எனக்கு மட்டும் ஆசையா மாப்பிள்ளை? தப்புன்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டா, மார்க்கெட் அணி மறு ஆட்டம் கேக்கும். டிப்போ அணி கோர்ட்டுக்குப் போகும். போன வருஷம் தோத்தவன், அதுக்கு முந்தின வருஷம் தோத்தவன்னு எல்லாரும் வாசல்ல வரிசையா நிப்பான். அப்புறம் நாம லீக் நடத்த முடியாது. நடுவரை லீக் விட்டுக் கொடுக்காது. உங்களைக் காப்பாத்தத்தான் இவ்வளவும்."

"அவனுக்குக் கடைசி வருஷம் மச்சான்."

"விசிலை வாயில வைக்கச் சொன்னது யாருன்னு அடுத்து கேப்பாங்க. சொல்வீங்களா?"

விசில் அண்ணன் எழுந்துவிட்டார். படியேறி வந்து குழாயைத் திறந்தார். காற்று வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. "நீயும் கூட வாம்மா. தனியாப் போனா தலையை ஆட்டிட்டு வந்துடுவேன். என்னை எனக்கே தெரியும்" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வேலை முடிந்ததும் அண்ணியும் கடைக்கு வந்துவிட்டாள். அதற்குள் வாசலில் செயலாளரின் கார் வந்து நின்றது. "ஏறுங்க மாப்பிள்ளை" என்றார், ஒன்றும் நடக்காதது போல. விசாரணைக்கும் அந்தக் காரிலேயே போனோம்.

லீக் அலுவலகம் டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. தூசி படிந்த கோப்பைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ரப்பர் வாடை. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு வெளியே படிக்கட்டில் ரொட்டியும் மார்க்கெட் அணி ஆட்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லீக்கின் தலைவர் ஒரு பல் டாக்டர். ஆயுசு பூராவும் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொன்னவர், அன்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க. ஒன்பதாம் நம்பர் தள்ளினதுக்குத்தானே ஊதினீங்க?"

விசில் அண்ணன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அந்தப் பாழாய்ப்போன ம் வந்துவிடப் போகிறது என்று நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லைங்க. அவன் யாரையும் தள்ளல. டிப்போ ஆளுதான் அவன் பனியனைப் பிடிச்சு இழுத்தான். நான் ரொட்டிக்காகத்தான் ஊதினேன். ஊதியிருக்கக் கூடாது. அவன் விழல, கோல் போடப் போறான். ஒரு மூச்சு பொறுத்திருக்கணும். பொறுக்கல. அது என் தப்புங்க."

வெளியே படிக்கட்டில் சலசலப்பு கேட்டது. செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"நடுவர் தீர்ப்பு இறுதியானது, இதுதான் விதி" என்றார் செயலாளர், தலைவரைப் பார்த்து. "ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு, ஒன்பது தள்ளினான்னு. அதை இப்ப மாத்த அவருக்கே உரிமை கிடையாது."

"நான் சொல்லலைங்க. நீங்க கேட்டீங்க, நான் ம்னேன்."

"ம்னா ஆமான்னுதானே அர்த்தம்?" என்றார் தலைவர்.

"மச்சான் என்ன சொன்னாலும் நான் ம்னுதாங்க சொல்லுவேன். எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான்."

படிக்கட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். செயலாளர் மேஜையைத் தட்டினார். "அன்னைக்கு மட்டும் ஏன் வாயில விசிலை வச்சிருந்தீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று அவரே கேட்டார். மிரட்டலா, பயமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

விசில் அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். "என் வாய்ங்க. நான்தான் வச்சேன்" என்றார். மச்சானை அவர் காட்டிக் கொடுக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கத்தியே விட்டேன். "எங்க கடையில தப்பான பவர் போட்டுட்டா, மன்னிப்பு கேட்டு மாத்திக் குடுப்போம். மாத்திக் குடுத்ததால ஒரு ஆளும் கடையை விட்டுப் போனதில்ல. கடை போட்ட பவரே இறுதின்னு சொன்னாத்தான் மண்டையை உடைப்பாங்க!"

"இந்த அம்மா யாரு?" என்றார் தலைவர்.

"என் கூட வேலை பாக்கறவங்க" என்றார் விசில் அண்ணன். அண்ணி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமிட்டி ஆட்கள் மூன்று பேரோடும் குசுகுசுவென்று பேசினார். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "ஆக, ஆட்டத்தோட முடிவையே மாத்தின தப்பு. ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேங்க."

"அப்படிப்பட்ட நடுவரை லீக் வச்சுக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்ங்க." எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை அந்த ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. "ரொட்டியோட தடையை எடுத்துடுவீங்கள்ல?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மேஜைமேல் கிடந்த விசிலைப் பார்த்தார்.

"தடை விஷயத்துல நடுவர் சொல்றதைத்தான் லீக் கேக்க முடியும்" என்றார் மெதுவாக. "இவரு இப்ப நடுவர் இல்லையே."

"அதுவும் சரிதான்" என்றார் பல் டாக்டர்.

விசாரணை முடிந்தது. வாயை மூடியிருந்தபோது அவர் நடுவர், அவர் சொல் செல்லும். வாயைத் திறந்ததும் அவர் நடுவர் இல்லை, அவர் சொல் செல்லாது. இந்தப் பொறியை எவ்வளவு நேரம் யோசித்துச் செய்தார்களோ. விசில் அண்ணன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுக்க மார்க்கெட் ஆட்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. கோல் காப்பவன் ரொட்டியின் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்து, "சொல்றதுதானேடா" என்றான்.

"சொன்னேன்டா. நம்பினியா நீ?" என்றான் ரொட்டி.

கீழே செயலாளர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மேலே பேசிய குரல் இல்லை, வீட்டுக் குரல். "சரி, நடந்தது நடந்துபோச்சு. ஏறுங்க மாப்பிள்ளை, வீட்டுக்குப் போகலாம்."

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அந்த மனுஷன் இந்தக் காரில்தான் ஏற வேண்டும். அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தச் சமையலறையைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். அண்ணன் கார்க் கதவுவரை போனார். கைகூட வைத்துவிட்டார்.

"இல்லை மச்சான். நான் நடந்தே வர்றேன்."

செயலாளருக்குக் காதில் விழவில்லை போல. "என்ன?" என்றார்.

"நடந்து வர்றேன்னேன்."

அண்ணியும் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. காலிக் கார் கிளம்பிப் போனது. ரொட்டி எங்களோடு ரொட்டிக் கடை வரைக்கும் நடந்து வந்தான். பெரிய கிளப் வேறு ஆளை எடுத்துக்கொள்ளும், அது அவனுக்கும் தெரிந்தேயிருந்தது. "அண்ணே, நீங்க ஊதாம இருந்திருக்கலாம்" என்றான் ஒருமுறை. "ஆமாம்ப்பா" என்றார் அண்ணன். கடை வாசலில் ரொட்டி அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டு உள்ளே வேலைக்குப் போனான்.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்கும்போது விசில் அண்ணன் வாசலில் இரண்டு காலி வாளிகளோடு நின்றார். தலை கலைந்திருந்தது, ஷேவ் பண்ணவில்லை.

"தண்ணி வரலையா அண்ணே?"

"வரல."

"எப்பதான் மோட்டார் போடுவாங்களாம்?"

"நேத்து நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டா போடறேன்னாரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ம்னு சொல்லிட்டீங்களா?"

அவர் வாளியைக் கடைக் குழாயின் கீழ் வைத்துத் திறந்தார். தண்ணீர் விழுகிற சத்தத்தை மீறிக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"நடுவர் சொன்னா சொன்னதுதாம்மா."

இரண்டு வாளியும் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு, அண்ணிக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று வீட்டை நோக்கி நடந்தார்.